‘கடைசி ஆர்?’ என்று கேட்பவர்

அவரோடு மத்தியானச் சாப்பாடு வாங்கப் போனால் பசி இரண்டு மடங்காகும். வெள்ளவத்தையில் எங்கள் ஒபீசுக்குக் கீழே, காலி வீதியோரமாக, சோற்றுப் பார்சல் விற்கும் கடை ஒன்று இருந்தது. பன்னிரண்டரை மணிக்கு அங்கே வரிசை என்று ஒன்று கிடையாது. கண்ணாடிப் பெட்டிக்கு மேலாகக் கைகள்தான் தெரியும். யாருடைய கை நீளமோ அவருக்குப் பார்சல். நான் நெட்டையன். அந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை இருவருமாகக் கீழே இறங்கினோம். அவர் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்று, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், “கடைசி ஆர்?” என்று கேட்டார். ஒருவரும் திரும்பவில்லை. அதே கேள்வியைச் சிங்களத்தில் கேட்டார். வங்கிக் கிளார்க் போலிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, தான்தான் போலிருக்கிறது என்றார். அவர் அந்த மனிதருக்குப் பின்னால் போய் நின்றார். அவரை விட்டுவிட்டு நான் கையை நீட்ட முடியுமா? அவருக்குப் பின்னால் நின்றேன். இதற்குள் அந்தக் கிளார்க் தனக்கு முன்னால் நிற்பவர் யார் என்று தேடத் தொடங்கியிருந்தார். ஐந்து நிமிடத்தில் அந்த இடத்தில் ஒரு வரிசை இருந்தது. பழம் விற்பவரின் தள்ளுவண்டியைச் சுற்றிக் கொஞ்சம் வளைந்திருந்தாலும் வரிசைதான். எங்கள் முறை வந்தபோது மீன் முடிந்துவிட்டது. அவர் முட்டைப் பார்சலை வாங்கிக்கொண்டு மிகுந்த திருப்தியோடு படியேறினார். எனக்கு வந்த எரிச்சல் சாப்பிட்டு முடிந்த பிறகும் தீரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. சேலைக் கடை ஒன்றின் மேல்மாடியில் நான்கு கொம்பியூட்டர்களும் ஐந்து ஆட்களுமாக எங்கள் கம்பனி இயங்கியது. முதலில் சேர்ந்தவன் என்பதால் என்னை டீம் லீடர் என்றார்கள். லீவுக் கடிதங்களில் கையெழுத்து வைப்பது தவிர அந்தப் பதவியில் விசேஷம் ஒன்றுமில்லை. அவர் எனக்கு எட்டு மாதம் பிந்தி வந்தவர். வயதில் என்னிலும் ஒன்றிரண்டு கூட இருக்கலாம். கேட்டதில்லை. கொட்டாஞ்சேனை கத்தோலிக்கக் குடும்பம். தகப்பன் துறைமுகத்தில் வேலை பார்த்துக் காலமானவர். காலையில் மட்டக்குளி பஸ்ஸில் வந்து இறங்குவார். சின்ன உருவம், இறுக்கிப் பின்னிய ஒற்றைப் பின்னல், தகப்பனுடைய பெரிய கைக்கடிகாரம். அது மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரை ஏறி இறங்கும். பொரித்த ரோல்ஸ் என்றால் உயிர். கீபோர்டின் இடுக்குகளில் ரோல்ஸ் தூள் விழுந்து, கிழமைக்கு ஒருமுறை அதைக் கவிழ்த்துத் தட்டுவார்.

கூட்டங்களில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் அவரால் தாங்க முடியாது. முன்னால் ஒரு தாளை வைத்துக்கொண்டு யார் முதலில் வாயைத் திறந்தார், யார் பிறகு என்று குறித்துக்கொள்வார். ஒருவர் முடித்ததும் தாளைப் பார்த்து அடுத்தவரின் பெயரைச் சொல்வார். எங்கள் பொஸ் யாழ்ப்பாணத்து மனிதர், தான் நினைத்த நேரத்தில் நினைத்ததைச் சொல்லிப் பழகியவர். ஒருநாள் தன்னுடைய சொந்தக் கம்பனியில் தன்னுடைய முறை நான்காவதாக வந்ததை அவரால் நம்ப முடியவில்லை. ஆனால் பேசாமல் காத்திருந்தார். தாளோடு இருக்கும் இவருக்கு முன்னால் யாரும் அப்படித்தான் ஆகிவிடுவார்கள்.

பொஸ்ஸுக்கு மேலிடத்தில் யாரையோ தெரியும். சோதனைச் சாவடிகளில் காட்டுவதற்கென்று ஒரு கடிதம் வாங்கி, அதன் பிரதியை எங்கள் எல்லோருக்கும் தந்திருந்தார். நான் அதை மடித்து அடையாள அட்டையோடு சேர்த்து வைத்திருந்தேன். இரண்டொரு தடவை அது என்னை வரிசைக்கு வெளியே எடுத்து விட்டிருக்கிறது. அவர் தன் பிரதியை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன். கடிதத்தை வாசித்து முடிக்கச் சாவடியில் நிற்கும் பெடியனுக்கு எடுக்கும் நேரத்தில் நான்கு பேரின் ஐடென்டிட்டி கார்டைப் பார்த்துவிடலாம், பின்னால் நிற்கிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போவார். அங்கே புனிதரின் சுரூபத்தைத் தொட நிற்கும் வரிசை எவ்வளவு நீளம் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கு அந்த வரிசையே பிடிக்குமாம். நிற்கும்போது கேட்கவேண்டியது எல்லாம் ஒழுங்காக மனதில் இருக்கும், முன்னுக்குப் போனதும் ஒன்றும் வாயில் வராது என்பார்.

இவ்வளவையும் நான் ஒரு கிறுக்கு என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன், கிளினிக் வேலை வரும்வரைக்கும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் கிளினிக். அதன் சொந்தக்காரரும் டொக்டரும் ஒருவரே. நோயாளர் வந்ததும் ஒரு நம்பர் துண்டு கொடுக்கவேண்டும். டொக்டரின் கதவுக்கு மேலே சிவப்பு வெளிச்சத்தில் அந்த நம்பர் முறைப்படி வரவேண்டும். இதற்குத்தான் புரோகிராம். ஜாவா என்ற கணினி மொழி அப்போது புதிது. நான் ஒரு கோர்ஸ் முடித்துச் சான்றிதழும் வைத்திருந்தேன். இரண்டு நாளில் எழுதிவிட்டேன். காத்திருப்போரின் நம்பர்களை ஒரு பட்டியலில் போட்டேன். துண்டு அடிக்கும் பகுதி, வெளிச்சம் காட்டும் பகுதி, மேசையில் இருக்கும் பெண் பாவிக்கும் பகுதி என்று எல்லாப் பகுதிகளும் அந்தப் பட்டியலை நேரடியாகத் தொட்டன.

அவர் என் திரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒரு தாளை எடுத்து நீளமாக ஒரு பெட்டி கீறினார்.

“இதுக்கு எத்தனை வாசல் வைச்சிருக்கிறீங்கள்?”

எனக்கு விளங்கவில்லை. அவர் பெட்டியின் இரு முனையிலும் ஒவ்வொரு கோடு போட்டார்.

“பின்னால சேர்க்க ஒண்டு, முன்னால எடுக்க ஒண்டு. முன்னுக்கு நிக்கிறது ஆர் எண்டு எட்டிப் பாக்கலாம், தொடக்கூடாது. இது காணும். உள்ளுக்க இருக்கிற சாமான் ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை. தெரிஞ்சா ஆரோ ஒருநாள் நடுவில கை வைப்பினம்.”

இதெல்லாம் நானும் படித்ததுதான். தரவுகளையும் அவற்றைக் கையாளும் வழிகளையும் ஒன்றாகக் கட்டி, அதற்கு ஒரு கிளாஸ் எழுதி, உள்ளே இருப்பதை வெளியார் தொடாமல் பூட்டிவைப்பது. பரீட்சையில் இதற்கு விடை எழுதிப் புள்ளியும் வாங்கியிருந்தேன். ஆனால் எனக்கு அது புத்தகத்தில் ஓர் அத்தியாயம். அவர் பேசும்போது அந்தப் பெட்டிக்குள் உண்மையாகவே ஆட்கள் நிற்பதுபோல இருந்தது. வீம்பு பார்க்காமல், தனியாக ஒரு வரிசைக் கிளாஸ் எழுத ஒத்துக்கொண்டேன்.

ஐம்பது இடங்களை வட்டமாக அடுக்கியதுபோல அதை அமைத்தேன். முன்னால் இருப்பவர் உள்ளே போனால் அவருடைய இடம் காலியாகும். வட்டம் சுற்றி வரும்போது புதியவர் அந்த இடத்தில் இருப்பார். ஒரே நேரத்தில் முப்பது பேருக்கு மேல் காத்திருப்பதில்லை என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். ஐம்பது தாராளம் என்று நினைத்தேன்.

ஐம்பதும் நிறைந்திருக்கும்போது ஐம்பத்தோராவது ஆள் வந்தால் என்ன நடக்கும் என்று அவர் கேட்டார். வராது என்றேன். வந்தால் என்றார். பார்க்கிறேன் என்றேன். கொடுப்பதற்கு முதல் அறுபது நம்பரைப் போட்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அந்தக் கிழமைதான் நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. பாதி வீதிகளை மூடியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை எல்லோரும் வேளைக்கே வீட்டுக்குப் போக நின்றோம். நான் பத்து நம்பர்களை அடித்தேன். பத்தும் ஒழுங்காக வந்தன. கொம்பியூட்டரை நிறுத்திவிட்டு இறங்கிவிட்டேன். திங்கட்கிழமை அவர் கேட்டார், அறுபது போட்டுப் பார்த்தீர்களா என்று. ஓம் என்றேன்.

புரோகிராம் கிளினிக்குக்குப் போயிற்று. இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. டொக்டருக்கு மட்டும் ஒரு மனக்குறை. தனக்கு வேண்டியவர்கள் வந்தால் முன்னால் விட ஒரு வழி வைத்துத் தரும்படி என்னிடம் கேட்டார். அரை மணி நேர வேலை, செய்து தரலாம் என்று நான் சொல்லி முடிக்கும் முன்பே பக்கத்தில் நின்ற அவர் குறுக்கிட்டார். செய்யலாம், ஆனால் வரிசைக்குள் அல்ல என்றார். ஆபத்தான நிலையில் வருகிறவர்களுக்கென்று தனியாக இரண்டாவது வரிசை ஒன்று வைப்போம், அதில் சேர்ப்பதை நேர்ஸ் பார்த்துத் தீர்மானிக்கட்டும், டொக்டர் சேர்க்க விரும்பினால் அவரும் சேர்க்கலாம், யார் யாரைச் சேர்த்தார் என்பது மட்டும் அன்றைய தாளில் அச்சாகி வரும் என்றார். கூப்பிட்ட ஒவ்வொரு நம்பரும் ஒரு தாளில் பதிவாகவேண்டும் என்பது ஏற்கெனவே அவர் வைத்த ஏற்பாடு. டொக்டர் யோசித்துப் பார்த்துவிட்டு, அப்படியே வையுங்கள் என்றார். எனக்குத் தெரிந்து டொக்டர் ஒருநாளும் அந்த இரண்டாவது வரிசைக்கான பொத்தானை அமத்தவில்லை.

பிறகு மழை தொடங்கிக் காய்ச்சல் பரவிய ஒரு திங்கட்கிழமை வந்தது. அன்று அச்சு இயந்திரம் சிக்கிக்கொண்டது என்று கிளினிக்கிலிருந்து கூப்பிட்டார்கள். நான் போய்ப் பின்னறையில் அதைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். முன்னால் சனம் நிறைந்து வாசல்வரை நின்றது. அறுபத்தெட்டாம் நம்பரோடு துண்டு கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று மேசைப் பெண் சொன்னாள். ஒரு மணியளவில் ஒபீசிலிருந்து அவர் வந்தார். எங்கள் புரோகிராம் ஓடும் இடங்களுக்கு இடைக்கிடை போய்ச் சும்மா இருந்து பார்ப்பது அவருக்குப் பழக்கம். இயந்திரம் அப்போதுதான் சரியாகி, காலையிலிருந்து தேங்கிக் கிடந்த தாள் வெளியே வந்துகொண்டிருந்தது. முன் ஹோல் அநேகமாக வெறுமையாகிவிட்டது. கடைசி நம்பரைக் கூப்பிட்டு ஒருவரும் வராததால் டொக்டர் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

பின்னறையில் அவர் தாளைக் கையில் எடுத்து விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார். விரல் நின்றது.

“பதினேழுக்குப் பிறகு அறுபத்தெட்டு. பிறகு பத்தொன்பது. கடைசியில திரும்பவும் அறுபத்தெட்டு.” என்னைப் பார்த்தார். “பதினெட்டு எங்க?”

அந்தக் கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பதினேழு பேர் உள்ளே போய்வந்த நேரத்தில் ஐம்பது பேர் காத்திருந்திருக்கிறார்கள். வட்டம் நிறைந்துவிட்டது. அதற்கு மேல் அறுபத்தெட்டாவது ஆள் வந்ததும், இடமில்லை என்று சொல்லத் தெரியாத என் கிளாஸ் சுற்றி வந்து, முன்னால் நின்ற பதினெட்டின் இடத்திலேயே அவரை வைத்துவிட்டது. அறுபத்தெட்டுக்கு இரண்டு முறை அழைப்பு. பதினெட்டு இல்லவே இல்லை.

நான் இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் ஹோலுக்குப் போய்விட்டார். பின்னால் போனேன். யன்னலோரக் கடைசி வாங்கில் ஒரு பெண் சாய்ந்து கண்ணை மூடியபடி இருந்தார். ஐம்பது வயதிருக்கும். மடித்த கைலேஞ்சியை இறுக்கிப் பிடித்திருந்தார். அதற்குள் நம்பர் துண்டு. எனக்கு முன்னால் போன அவர் குனிந்து, அம்மா உங்கள் நம்பர் என்ன என்று மெதுவாகக் கேட்டார்.

“பதினெட்டுங்க,” என்றார் அந்தப் பெண். “நர்ஸம்மாகிட்ட ஒருவாட்டி கேட்டேன். மிசினு கூப்புடும், ஒக்காருங்கன்னாங்க. அதான் ஒக்காந்திருக்கேன்.”

ஹட்டன் பக்கத்தவர், வத்தளையில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறார் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. நெஞ்சு எரிகிறது, வாய்வாக இருக்கும் என்று வந்திருக்கிறார். முகத்தில் வியர்வை. காலை ஏழரையிலிருந்து அந்த வாங்கில்.

என் பக்கத்தில் நின்ற அவர் ஓடியதை அன்றுதான் பார்த்தேன். டொக்டர் காரில் ஏறிக் கதவைச் சாத்தியிருந்தார். ஓடிப்போனவர் காரின் முன்னால் நின்று, இரண்டு கையையும் எஞ்சின் மூடியில் வைத்துக்கொண்டார். டொக்டர் இறங்கி வந்தார். சோதித்துவிட்டு, இது வாய்வு இல்லை என்று சொல்லி, பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி, தன்னுடைய காரிலேயே ஏற்றிக்கொண்டு போனார். நேர்ஸும் கூடப் போனாள்.

நாங்கள் இருவரும் பின்னறைக்கு வந்தோம். அவர் கதிரையில் இருந்தார். கைக்கடிகாரம் முழங்கைக்கு ஏறியிருந்தது. அதை இறக்கிவிடவும் தோன்றாமல் இருந்தார்.

“அறுபது போட்டுப் பாத்தனீரோ?” என்றார். அதுவரை என்னை நீங்கள் என்றுதான் கூப்பிட்டு வந்தவர்.

“இல்லை,” என்றேன். “பத்துத்தான் போட்டனான்.”

என் பக்கம் திரும்பினார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது.

“நீர் ஓம் எண்டு சொன்ன விதத்திலேயே எனக்கு ஒரு சந்தேகம். அண்டைக்கு நானே போட்டுப் பாத்திருக்கலாம். உம்மை நோகப்பண்ணக் கூடாதெண்டு விட்டிட்டன்.” பிறகு கதிரையை மேசைக்கு இழுத்தார். “வாரும், இப்ப எழுதுவம்.”

வட்டத்தை எறிந்தோம். இந்தத் தடவை இத்தனை இடம் என்று ஒரு கணக்கே வைக்கவில்லை. வரும் ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருபவர் யார் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும், வரிசை எவ்வளவுக்கும் நீளலாம். நினைவகம் போதாமல் போனால் பேசாமல் யாரையும் விழுங்காமல், முடியாது என்று உரத்துச் சொல்லவேண்டும் என்றார். நான் எழுத அவர் பார்த்தார், அவர் எழுத நான் பார்த்தேன். இரண்டே வாசல்களை வைத்ததன் பலன் அப்போதுதான் எனக்கு விளங்கியது. உள்ளே முழுவதும் மாறியும், வெளியே துண்டு அடிக்கும் பகுதியிலோ வெளிச்சம் காட்டும் பகுதியிலோ ஓர் எழுத்துக்கூட மாற்றவேண்டி வரவில்லை. முடிந்ததும் அறுபது நம்பரைப் போட்டேன். பிறகு அறுநூறு. அவர் ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டு இருந்தார்.

அடுத்த நாள் பொஸ் கதவைச் சாத்திக்கொண்டு, இதை எழுதினது யார் என்று கேட்டார். எங்கள் இரண்டு பேருடைய பிழை என்று அவர் உடனே சொன்னார். எழுதியது நான், பார்த்தேன் என்று பொய் சொன்னதும் நான் என்று அதற்குப் பிறகு சொன்னேன். பொஸ் இருவரையும் ஒரே அளவாகத் திட்டி அனுப்பினார். மூன்று கிழமை கழித்து அந்தப் பதினெட்டாம் நம்பர் அம்மா மருந்துச் சிட்டையோடு கிளினிக்குக்கு வந்தபோது நான் அங்கே இருந்தேன். “அந்தத் தங்கச்சிகிட்ட சொல்லுங்க, நல்லா இருக்கேன்னு,” என்றார். போய்ச் சொன்னேன். அவர் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினார். அன்று அதில் தூள் எதுவும் இருக்கவில்லை.

இதற்குச் சில மாதத்தின் பின் ஒருநாள், பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது, அடுத்த கிழமை புதுக்கடை நீதிமன்றத்துக்குத் தன்னோடு வரமுடியுமா என்று கேட்டார். கோட்டில் ஓர் அலுவல் என்றார். அப்போதுதான் தனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்று சொன்னார். அச்சகத்தில் வேலை செய்தவன். பதினான்கு மாதத்துக்கு முன் கொட்டாஞ்சேனையில் நடந்த சுற்றிவளைப்பில் அவனைப் படையினர் கொண்டுபோயிருந்தார்கள். இவ்வளவு காலமும் ஒபீசில் ஒருவருக்கும் தெரியாது. அந்த நாட்களில் இதை யாரும் வெளியில் சொல்வதில்லை. சொன்னால் வேலை போகலாம், அறை தந்தவர் எழுப்பிவிடலாம். பிடித்த புதிதில் தாயும் அவருமாக ஒரு முகாமின் வாசலில் பெயர் கொடுத்துவிட்டு இரண்டு நாள் நின்றார்களாம். பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள். இவர்களுடைய பெயர் வரவில்லை. பெயர் எழுதிய இரண்டாவது தாள் எங்கேயோ தவறிவிட்டது. மூன்றாம் நாள் அது கிடைத்தபோது தம்பியை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். இவ்வளவையும் அவர் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார்.

தாய்க்குப் பிரஷர். தனியாகப் போக அவருக்கு மனமில்லை. நான் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன்.

காலை எட்டரைக்கே வாங்குகள் நிறைந்திருந்தன. அநேகமாகத் தாய்மார். வவுனியா, மன்னார், மட்டக்களப்பு என்று எங்கிருந்தெல்லாமோ வந்து லொட்ஜுகளில் தங்கியிருப்பவர்கள். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் அன்றைக்கு இருபத்திரண்டு வழக்குகள். தம்பியுடையது பத்தொன்பதாவது. அவர்களுடைய லோயர் வயதான மனிதர். அவசரமாக வந்து எங்களுக்கு முன்னால் குனிந்தார்.

“பிள்ளை, பதினொரு மணிக்கு நான் மற்றக் கோட்டில நிக்கவேணும். பிறகு இங்க திரும்பி வரக் கிடைக்குமோ தெரியாது. நான் எழும்பிக் கேட்டா இதை முன்னுக்கு எடுப்பினம். கேக்கட்டோ?”

பதில் சொல்வதற்கு முதல் அவர் வாங்கில் இருந்தவர்களைப் பார்த்தார். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர் என்று என் மனம் அடித்துக்கொண்டது.

“கேளுங்கோ சேர்,” என்றார்.

தம்பியின் வழக்கு மூன்றாவதாக எடுக்கப்பட்டது. சாட்சி ஒன்றும் இல்லை, விடுவிக்கலாம் என்றார்கள். எல்லாம் ஐந்து நிமிடம். கையெழுத்துகள் வைத்து வெளியே வந்தபோது பத்தரை மணி. பெடியன் மெலிந்து, யாரோ கொடுத்த பெரிய ஷேர்ட்டுக்குள் நின்றான். கையில் ஒரு ஷொப்பிங் பை. அக்கா அவனுடைய தலையைத் தொட்டார், தோளைத் தொட்டார், கையைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை.

நான் ஆட்டோ பிடிக்கப் புறப்பட்டேன். அம்மாவுக்கு ஒரு ரெலிபோன் எடுத்துச் சொல்லிவிடும்படியும், தாங்கள் கொஞ்சம் பிந்தி வருவோம் என்றும் அவர் சொன்னார். நான் கீழே போய், ஒரு கொமியூனிகேஷன் கடையிலிருந்து சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். அவர் அதே வாங்கில், அதே இடத்தில் இருந்தார். தம்பி பக்கத்தில். வீட்டுக்குப் போவோமா என்று அவன் ஒருதரம் கேட்டான். கொஞ்சம் இரு என்றார். பதினான்கு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தவன், காத்திருப்பது அவனுக்கு என்ன புதிதா? தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டான். சிறிது நேரத்தில் நித்திரையாகிவிட்டான்.

வழக்குகள் ஒவ்வொன்றாகப் போயின. அவர் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பட்டியலில் பதினேழாவது வழக்கு முடிந்தபோது நேரம் போய்விட்டது. மிச்சம் நான்கையும் இரண்டு கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். அதில் பதினெட்டாவதின் தாய், வெள்ளைச் சேலை கட்டிய மன்னார்ப் பக்கத்து மனிசி, எழும்பத் தெரியாமல் அப்படியே இருந்தார். அவர் எழுந்து போய் அந்த அம்மாவின் முன்னால் நிலத்தில் குந்தினார்.

“அம்மா, காலமை என்ர தம்பியை முன்னுக்குக் கூப்பிடச் சொன்னது நான்தான். இல்லாட்டி உங்கட பிள்ளைக்கும் இண்டைக்கு முடிஞ்சிருக்கும்.”

ஐந்து நிமிடத்தில் அப்படி ஒன்றும் மாறியிருக்காது என்று நான் சொல்லப்போனேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை. வாங்கில் வாயைத் திறந்தபடி நித்திரை கொள்ளும் பெடியனைப் பார்த்தார்.

“என்ர மகனுக்கும் உந்த வயசுதான்,” என்றார். “நீ வேண்டாமெண்டு விட்டிருந்தா உன்ர அம்மாவுக்கு ஆர் பதில் சொல்லுறது? எழும்பு பிள்ளை. கூட்டிக்கொண்டு போய்ச் சோறு குடு.”

அவருக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அந்த அம்மாவின் மடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதார். தம்பி கண் விழித்து, என்ன நடந்தது என்று என்னைக் கேட்டான். நான் அவனுடைய பையை எடுத்துக்கொண்டேன்.

ஒரு வருடம் கழித்து அவர் கம்பனியை விட்டுப் போனார். தம்பியையும் தாயையும் கூட்டிக்கொண்டு வெளிநாட்டில் உறவினரிடம் போனதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு மேல் தெரியாது. ஆனால் போவதற்கு முதல் நடந்தது ஒன்று இருக்கிறது. அந்த மன்னார் அம்மாவின் மகனுடைய வழக்கு அதன் பிறகு நான்கு தவணை போய்த்தான் முடிந்தது. நான்கு தவணைக்கும் அவர் அந்த அம்மாவை வெள்ளவத்தை லொட்ஜிலிருந்து கூட்டிக்கொண்டு போய், முடியும்வரை கூட இருந்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார். இதையும் அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. நான்காவது தவணையில் மகன் வெளியே வந்த பிறகு, அந்த அம்மாதான் படியேறி ஒபீசுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்று பின்னேரம் பழைய லீவுக் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். நான்கிலும் காரணம் என்ற இடத்தில் ‘சொந்த அலுவல்’ என்று எழுதியிருந்தார். நான்கிலும் கீழே என் கையெழுத்து இருந்தது.